கரண்டு காரா? ஹைபிரிட் காரா?

கிலோ மீட்டருக்கு எத்தனை காசு? பனியன் நகரில் ஒரு குடும்பக் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை இரவு என்றால் சம்பள இரவு.

பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி கைக்கு வரும். மறுநாள் கடைவீதி நிரம்பி வழியும். வீடுகளில் வரவு-செலவுக் கணக்கு நடக்கும்.

இப்போது பல வீடுகளில் அந்தக் கணக்கில் ஒரு புதிய கேள்வி சேர்ந்து இருக்கிறது.

"ஏனுங்க, கரண்டு காரு வாங்கினா பெட்ரோல் செலவே இல்லீங்களாமா! நாமளும் அதையே வாங்கலாமுங்களா?" இது மனைவியின் கேள்வி.

"பாதி வழியில கரண்டு தீர்ந்து போனா என்ன பண்றது? ஹைபிரிட் வண்டின்னு ஒண்ணு இருக்குதாமா. அதை வாங்கலாம்." இது கணவனின் பதில்.

யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் தவறாகவும் இருக்கலாம்! விடை காரில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

பனியனுக்குக் கணக்கு உண்டு, காருக்கு?

கணக்குப் போடுவது திருப்பூருக்குப் புதிது அல்ல.

ஒரு பனியனுக்கு நூல் எவ்வளவு, நிட்டிங் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு என்று காசு காசாகக் கணக்குப் பார்ப்பார்கள். இதற்கு "காஸ்டிங்" என்று பெயர். ஒரு பீசுக்கு ஐம்பது காசு பிசகினால் லட்சம் பீசுக்கு ஐம்பது ஆயிரம் ரூபாய் போய்விடும்.

ஆனால், அதே ஆள் கார் வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்கிறார். சீட்டைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன வண்டி வைத்து இருக்கிறார் என்று பார்க்கிறார். காஸ்டிங் போடுவது இல்லை!

ஹைபிரிட் என்றால் என்ன?

ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜின் இருக்கும். மின்சார மோட்டாரும் இருக்கும். சிறிய பாட்டரி ஒன்றும் இருக்கும்.

இதைப் பிளக்கில் மாட்ட வேண்டியது இல்லை. பெட்ரோல் போட்டால் போதும்.

அப்படியானால் பாட்டரிக்கு மின்சாரம் எங்கே இருந்து வருகிறது?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. பிரேக் போடும்போது மோட்டார் டைனமோவாக மாறிவிடும். வீணாகப் போகிற வேகம் மின்சாரமாகிப் பாட்டரிக்குள் போய்விடும். என்ஜினும் ஓடும்போது கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும்.

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடும். மெதுவாக நகரும்போது மோட்டாரே வண்டியை இழுக்கும். அதனால்தான் நெரிசல் மிகுந்த ஊருக்குள் ஹைபிரிட் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது.

ஆனால், நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு. அங்கே இந்த லாபமும் குறைந்துவிடும். "தூரப் பயணத்துக்கு ஹைபிரிட்" என்று பலர் நினைக்கிறார்கள். செலவுக் கணக்கில் அது ஊருக்குள் ஓடும் வண்டி!

கரண்டு காரில் என்ஜினே கிடையாது. பெரிய பாட்டரி, மோட்டார், அவ்வளவுதான். வீட்டுப் பிளக்கிலோ சார்ஜ் நிலையத்திலோ மின்சாரம் ஏற்ற வேண்டும்.

கோவையில் பிறந்த கார்

கரண்டு கார் நேற்று வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

"லவ்பேர்டு" என்ற இரண்டு பேர் போகும் மின்சாரக் கார் 1993-ம் ஆண்டில் டெல்லி மோட்டார் கண்காட்சிக்கு வந்தது. அது கேரளத்தில் உள்ள சாலக்குடியிலும், திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள கோயம்புத்தூரிலும் தயாரிக்கப்பட்டது. ஆனால், விற்பனை சூடு பிடிக்கவில்லை. 2001-ம் ஆண்டில் பெங்களூரில் இருந்து "ரேவா" என்ற சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது.

ஹைபிரிட்டின் தாய்வீடு ஜப்பான். 1997-ம் ஆண்டு டிசம்பரில் டொயோட்டா கம்பெனி "பிரியஸ்" காரை அங்கே விற்கத் தொடங்கியது.

டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் 2020-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது. மாருதி கிராண்டு விட்டாரா ஹைபிரிட் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதன் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் இந்தக் கார்கள் இடம் பிடித்தன.

விளம்பரக் கணக்கும் வீதிக் கணக்கும்

கிராண்டு விட்டாரா ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கிலோ மீட்டர் போகும் என்பது சோதனைக் கணக்கு. 40.5 யூனிட் பாட்டரி உள்ள நெக்ஸான் ஒரு சார்ஜில் 465 கிலோ மீட்டர் போகும் என்பதும் சோதனைக் கணக்குதான்.

சோதனைச் சாலையில் குழி இல்லை. வெயில் இல்லை. பின் சீட்டில் பாட்டியும் குழந்தைகளும் இல்லை!

ஆகையால் வீட்டுக் கணக்குக்குக் குறைத்துத்தான் போட வேண்டும். ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோ மீட்டர், ஹைபிரிட் 20 கிலோ மீட்டர் என்று வையுங்கள். கரண்டு கார், சார்ஜ் ஏறும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கிலோ மீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

ஒரு கிலோ மீட்டருக்கு எத்தனை காசு?

பெட்ரோல் கார்: 7 ரூபாய் 14 காசு.

ஹைபிரிட் கார்: 5 ரூபாய்.

கரண்டு கார், வெளியே யூனிட் 20 ரூபாய்க்குச் சார்ஜ் செய்தால்: 3 ரூபாய் 33 காசு.

வீட்டில் சார்ஜ் செய்தால்? அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மின்சார பில்லின் சூட்சுமம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. ஏறுகிற ஏணி போல விலையும் படிப்படியாக ஏறும்.

2024-ம் ஆண்டு ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரை யூனிட் 5 ரூபாய்க்கு உள்ளேதான். 500-ஐத் தாண்டினால் மேற்கொண்டு வரும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப் படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும்.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஆகிறது. அந்த வீட்டுக்குக் கரண்டு கார் வருகிறது. மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 333 யூனிட் கூடும். மொத்தம் 683 யூனிட்!

பில் ஏறக்குறைய 2,750 ரூபாய் கூடும். அதை 2,000 கிலோ மீட்டருக்குப் பிரித்தால் கிலோ மீட்டருக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 40 காசு.

ஆகவே, "செலவே இல்லை" என்பது பொய். "ஐந்தில் ஒரு பங்கு செலவு" என்பது மெய்.

ஏ.சி. ஓடும் பெரிய வீடாக இருந்து, பில் ஏற்கெனவே 1,000 யூனிட்டைத் தொடுகிறது என்றால் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய் வரை ஆகும். அப்போதும் ஹைபிரிட்டைவிட மலிவுதான்.

பிளக் எங்கே?

கணக்கு இனிக்கிறது. ஆனால், வண்டியைச் சார்ஜ் செய்யப் பிளக் எங்கே?

திருப்பூரில் லைன் வீடுகளிலும் காம்பவுண்டு வீடுகளிலும் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். வண்டி தெருவில் நிற்கும். மீட்டர் வீட்டுக்காரரிடம் இருக்கும். சார்ஜர் மாட்டச் சுவரில் ஒரு துளை போடுவதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்!

சொந்த வீடாக இருந்தாலும் பழைய வயரிங்கை நம்பக் கூடாது. தனி லைன் இழுத்து, எர்த் சரியாகப் போட்டு, 15 ஆம்பியர் பிளக் வைக்க வேண்டும். 30 யூனிட் பாட்டரி நிரம்ப ஏறக்குறைய ஓர் இரவு ஆகும். வேகமான சார்ஜர் வேண்டுமானால் மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டி வரும்.

வரியும் வட்டியும்

கார் விலையில் வரி ஒரு பெரிய பங்கு.

கரண்டு காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 1,200 சி.சி.க்கு மேல் அல்லது 4 மீட்டர் நீளத்துக்கு மேல் உள்ள பெட்ரோல் ஹைபிரிட் கார்களுக்கு 40 சதவீதம். ஹைபிரிட்டின் விலை ஏறி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

கரண்டு கார்களுக்குத் தமிழ்நாடு அரசு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியில் முழு விலக்கு அளித்தது. வாங்கும் நாளில் என்ன நிலை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் காரைவிட 3 லட்சம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதாக வையுங்கள். அந்த 3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால், தொடக்கத்தில் மாதம் 2,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓடும் ஹைபிரிட் காரில் மிச்சம் எவ்வளவு? 2,140 ரூபாய்!

மிச்சம் முழுவதையும் வட்டி தின்றுவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது.

மூன்று குடும்பங்கள்

ஒரே கணக்கு மூன்று குடும்பங்களுக்கு மூன்று விடை தரும்.

முதல் குடும்பம் பல்லடம் ரோட்டுப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறது. சிறிய ஜாப் ஒர்க் யூனிட் வைத்து இருக்கிறது. சாயப் பட்டறை, பிரிண்டிங், கம்பெனி என்று மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டம். கரண்டு காரில் மாதம் ஏறக்குறைய 5,700 ரூபாய் மிச்சம். வட்டியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டில் 3 லட்சம் அடைந்துவிடும். அதன் பிறகு மிச்சம் எல்லாம் கைக்கு. இவர்களுக்கு ஏற்றது கரண்டு கார்.

இரண்டாவது குடும்பம் வாடகை வீட்டில் இருக்கிறது. பிளக் இல்லை. ஆனால், ஊர் நெரிசலுக்குள் மாதம் 2,000 கிலோ மீட்டர் ஓட்டம். ஹைபிரிட்டில் மாதம் 4,280 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 2 லட்சம் என்றால் வட்டி இல்லாமல் நான்கு ஆண்டுக்குள் அடையும். 3 லட்சம் என்றால் வட்டியோடு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும்! ஹைபிரிட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விலை வித்தியாசத்தைத்தான்.

மூன்றாவது குடும்பம் வாரம் முழுவதும் இரு சக்கர வண்டியில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அவினாசி கோவிலுக்கு, உறவினர் வீட்டுக்கு என்று மாதம் 300 கிலோ மீட்டர்தான் கார் ஓடும். இவர்களுக்குக் கரண்டு காரில் மிச்சம் ஏறக்குறைய 1,700 ரூபாய். வட்டி 2,250 ரூபாய். ஒவ்வொரு மாதமும் நஷ்டம்! இவர்களுக்குச் சிறிய பெட்ரோல் காரே போதும்.

ஓடுகிற காரில்தான் மிச்சம் உண்டு. நிற்கிற காரில் மிச்சம் இல்லை.

பாட்டரி கெட்டுப் போனால்?

எல்லோருக்கும் உள்ள பயம் இது.

பாட்டரி விலை லட்சக் கணக்கில்தான். ஆனால், டாட்டா மின்சாரக் கார்களிலும், மாருதி, டொயோட்டா ஹைபிரிட் கார்களிலும் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் வரை உத்தரவாதம் கொடுத்து வந்தார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் அந்த உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று பார்த்துத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பில் கரண்டு காருக்கே வெற்றி. என்ஜின் ஆயில் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லை. கிளச் இல்லை. ஹைபிரிட்டில் என்ஜின் இருப்பதால் ஆயில் மாற்றும் செலவு உண்டு. டயர், பிரேக் எண்ணெய், ஏ.சி. செலவு இரண்டுக்கும் உண்டு.

காற்றும் வெயிலும்

திருப்பூர் வட்டாரத்துக்கு இயற்கை ஒரு கொடை கொடுத்து இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் காற்றாலைகளைச் சுற்றுகிறது. பனியன் கம்பெனிகள் பல சொந்தக் காற்றாலை வைத்து இருக்கின்றன.

வீட்டுக்குக் காற்றாலை முடியாது. ஆனால், மாடியில் வெயில் உண்டு! 3 கிலோவாட் சூரியத் தகடு நாளைக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இரண்டு மாதத்தில் 700 யூனிட். காருக்குத் தேவை 333 யூனிட்தான்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம்.

கணவனும் மனைவியும் மகளின் பழைய நோட்டில் கணக்கு எழுதினார்கள். மாதம் எத்தனை கிலோ மீட்டர்? வீடு சொந்தமா, வாடகையா? விலை வித்தியாசம் எவ்வளவு? வட்டி எவ்வளவு? நான்கே கேள்விகள்.

ஓட்டம் மாதம் 350 கிலோ மீட்டர் என்று வந்தது. வீடு வாடகை வீடு.

"காரு இன்னும் ரெண்டு வருசம் போகட்டுமுங்க. அந்தப் பணத்தை மகள் படிப்புக்குப் போட்டு வைக்கலாம்" என்றாள் மனைவி.

கணவன் நோட்டை இன்னொரு முறை பார்த்தான். "கணக்கு சரிதான்" என்றான்.

நோட்டு மூடப்பட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் 3 லட்சம் ரூபாய் மிச்சம்!