பார்ட் டூ பேய்க்கு ஏன் பயமில்லை?

நைட் ஷிஃப்ட் முடிந்து தண்டலத்தில் கம்பெனி பஸ் ஏறினால் எங்களுக்குள் பட்டிமன்றம்தான். 'சந்திரமுகி' பார்த்து நடுங்கினவனெல்லாம் 'சந்திரமுகி-2'வுக்கு ஏன் கொட்டாவி விட்டான்?

இரண்டுக்கும் டைரக்டர் பி.வாசுதான். ஆனால், 2005-ல் வந்த படத்தில் பேயே கிடையாது சார்! ஜோதிகாவுக்கு வந்தது மனநோய். 'பேயா, நோயா?' என்று நம்மைத் தவிக்கவிட்டார்களே, அந்தத் தவிப்புதான் பயம். 2023-ல் நிஜப் பேயையே இறக்கிவிட்டார்கள். சந்தேகம் தீர்ந்தது, பயமும் போச்சு!

"அப்படின்னா 'காஞ்சனா'?" என்பீர்கள். 2007-ல் வந்த 'முனி'க்கு அதுதான் இரண்டாம் பாகம். 2011-ல் வந்து முதல் படத்தையே தூக்கிச் சாப்பிட்டது. காரணம், லாரன்ஸ் பழைய பேயைத் திரும்பக் கூப்பிடவில்லை. கொலையான ஒரு திருநங்கைக்கு நியாயம் கேட்டு, புதுக் கதை சொன்னார்.

பங்களா பழசாக இருக்கலாம். பயம் புதுசா இருக்கணும்!