உறைநிலைக் காசநோயும் முன்சோதனைக்குரிய காலமும்

காசநோய்க் கிருமி நோயைத் தோற்றுவிக்காமல் உடலில் பல்லாண்டுகள் அடங்கியிருத்தல் கூடும். நோயெதிர்ப்புச் செல்கள் அதனைச் சூழ்ந்து சிறுமணிக் கட்டிகளுள் அடைத்துவைக்கின்றன. இவ்வரணைக் காப்பதில் டி.என்.எஃப். எனும் புரதம் முதன்மையானது. முடக்குவாதத்திற்கு வழங்கப்படும் இன்ஃப்ளிக்சிமாப் அப்புரதத்தையே தடுப்பதால் அரண் குலைகிறது. இம்மருந்து பெற்றோருள் 70 பேர் காசநோயுற்றமையை 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வு பதிவு செய்தது. அவர்களுள் 48 பேர் பெற்றிருந்தவை மூன்று தவணைகளோ அதற்கும் குறைவோ ஆகும்.

எனவே தோல் சோதனை அல்லது இன்டர்ஃபெரான்-காமா இரத்தச் சோதனை, மார்பு ஊடுகதிர்ப் படத்துடன் சிகிச்சைக்கு முன்னரே செய்யப்படுதல் வேண்டும். இச்சோதனைகள் கிருமியைக் காண்பனவல்ல. உடலின் எதிர்வினையையே அளப்பன. எதிர்ப்பாற்றல் ஒடுங்கிய பின்னர்ச் செய்யின், தொற்றிருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். சிகிச்சையின்போது காய்ச்சல் நீடிப்பின், முன்னைய முடிவை மட்டும் நம்பியிராது மீண்டும் ஆராய்தல் இன்றியமையாதது.