நடந்தால் குறையும் முதுகுவலி!

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கெல்லாம் குஷி. எனக்கு மட்டும் கிலி! காரணம், முதுகு.

வேலை நாளில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஆபீஸ் மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினால் வலி தேவலாம். லீவு நாளில் நிம்மதியாகப் படுத்தால்தான் வினை. விடிகாலை மூணு மணிக்கு வலி தட்டி எழுப்பும். நிமிர்ந்து நடக்க ஒரு மணி நேரமாகும். அப்போது எனக்கு வயசு இருபத்தாறு.

'கம்ப்யூட்டர் முன்னாடியே பழியாக் கெடந்தா வலிக்காம என்னடா செய்யும்?' - இது அம்மா. 'கல்யாணம் ஆனா சரியாப் போயிரும் தம்பி' என்றார் ஆபீஸ் சீனியர். (அவர் முதுகு வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறு விஷயம்!) உசிலம்பட்டிப் பக்கம் சுளுக்கு எடுக்கிறவர் முதுகில் ஏறி மிதித்தார். ஒரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, 'ஒண்ணுமில்லை, ரெஸ்ட் எடுங்க' என்றார். ரெஸ்ட்தானே ஸார் எனக்கு எதிரி!

மூணு வருஷம் கழித்துக் காட்டிக் கொடுத்தது கண். வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. மெட்ராஸ் ஐ என்று ஆபீஸே ஒதுங்கியது. கண் டாக்டர், 'இது ஒட்டிக்காது. கண்ணுக்குள்ளே அழற்சி' என்று சொட்டு மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: 'தம்பி, காலைல எந்திரிக்கும்போது முதுகு விறைச்சுப் போகுதா?'

தூக்கிவாரிப் போட்டது. கண்ணைப் பார்த்து முதுகைச் சொல்கிறாரே!

அவர் அனுப்பிய மூட்டுவாத நிபுணர் வைத்த பெயர், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தடவை முதுகு வலிக்கும். உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில் கழியாகிவிடும். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயசுக்குள், இளவட்டங்களைத்தான் பிடிக்கும். கண்ணையும் தாக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எனக்கு எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ.-பி27 என்றொரு சமாசாரமும் இருந்தது. இந்த நோய்க்கும் அதற்கும் உள்ள உறவை 1973-ல் கண்டுபிடித்தார்கள். அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது, பயப்படாதீர்கள்.

சுளுக்கு வைத்தியத்தைச் சொன்னதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒட்டிப்போன முதுகெலும்பு லேசில் முறியுமாம்!

அழற்சி குறைக்கும் மாத்திரை, சாப்பிட்ட பிறகு. வயிறும் கிட்னியும் பத்திரமா என்று அவ்வப்போது டெஸ்ட். தினமும் உடற்பயிற்சி, நீச்சல். சிகரெட்டுக்குக் கும்பிடு (அழுதுகொண்டேதான்). இதில் அடங்காதவர்களுக்கு டி.என்.எஃப். என்ற பொருளை அடக்கும் ஊசி இருக்கிறது. போடுமுன் உடம்பில் டி.பி. ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடியோடு குணமாகுமா? ஆகாது. அடக்கி வைக்கலாம்.

சோர்ந்துபோனபோது நினைத்துக்கொண்டது, நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த டாக்டர் ஜி.வெங்கடசாமியை. அவருக்கு வந்தது வேறு வகை, ருமட்டாய்டு வாதம். கோணிப்போன விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். எனக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கக்கூட வலிக்கிறதாக்கும்!

போன வாரம் பக்கத்து ஸீட் பையன், 'அண்ணே, உக்காந்து எந்திரிச்சா முதுகு பிடிக்குது. நடந்தா சரியாயிருது' என்றான். வயசு இருபத்துநாலு.

டாக்டர் அட்ரஸை அவன் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டேன்.