வீட்டு நினைவுகளைக் காக்க ஒரு கையடக்கப் பெட்டி

முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் பொக்கிஷங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். கல்யாண ஆல்பம், ஜாதக நோட்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் ராங்க் கார்டு எல்லாம் அந்துருண்டை வாசனையோடு அதற்குள் அடங்கிவிடும். இன்று அவை எங்கே இருக்கின்றன? பாதி கைப்பேசியில், மீதி கம்ப்யூட்டரில். குழந்தை முதன்முதலில் குப்புற விழுந்தது, தளர்நடை நடந்தது, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது எல்லாமே அங்கேதான். கைப்பேசி பஸ்ஸில் தொலைந்தாலோ, தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலோ, அத்தனையும் அதோடு போய்விடும்.

இதற்குத்தான் 'எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்' என்ற பெட்டி இருக்கிறது. "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுக்காதீர்கள், சகோதரிகளே! நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். என் பெரியவன் இரண்டு முறை செய்து காட்டினான்; மூன்றாவது முறை நானே செய்துவிட்டேன். கிரைண்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்குள் பளபளப்பான வட்டத் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் காந்தப் பூச்சு. பெரும்பாலான கையடக்க டிஸ்க்குகளில் இந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் சிறு முள் போன்ற ஒன்று, தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்தபடி எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் முள் தட்டில் உரசிக் கீறிவிடும்.

இரண்டாவது வகை 'எஸ்.எஸ்.டி.'. பென் டிரைவைப் போல இதில் சுற்றுவது எதுவும் இல்லை. வேகம் அதிகம், விழுந்தாலும் ஓரளவு தாங்கும். அதற்கேற்ப விலையும் கூடுதல்.

1956ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னை நெருங்கியது. அதில் வைக்க முடிந்ததோ 4 எம்.பி.க்கும் குறைவு! இன்று உள்ளங்கையில் அடங்கும் 1 டி.பி. டிஸ்க்கில், படம் ஒன்றுக்கு 5 எம்.பி. என்று வைத்தாலும் 2 லட்சம் படங்கள் வைக்கலாம். வாங்கி வந்து மாட்டினால் 931 ஜி.பி. என்றுதான் விண்டோஸ் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இடம் மாற்றுவது வேறு, பிரதி எடுப்பது வேறு

நம்மில் பலர் குழம்புவது இங்கேதான். என் நாத்தனார் தன் பெண் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை எடுத்த படங்களையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டாள். கைப்பேசியில் இடம் இல்லையே என்று அதிலிருந்து அழித்தும் விட்டாள். "பேக்கப் எடுத்தாச்சு அண்ணி" என்று நிம்மதியாகவும் இருந்தாள். ஒருநாள் அந்தக் குழந்தையே கேபிளைப் பிடித்து இழுக்க, மேஜையிலிருந்த டிஸ்க் தரையில் விழுந்தது. அதன்பின் மாட்டினால் 'டிக்... டிக்...' என்ற சத்தம் மட்டும்தான். தகவலை மீட்டுத் தரும் கடையில் கேட்ட தொகை டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு. கொடுத்தும் பாதிப் படங்கள்தான் திரும்பின. குழந்தையின் முதல் பிறந்த நாள் திரும்பாத பாதியில் போய்விட்டது. அவள் அழுததைச் சொல்லி மாளாது.

எந்த டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். ஆகவே ஒரே ஒரு இடத்தில் இருப்பதற்குப் பிரதி என்று பெயரில்லை. புகைப்படக் கலைஞர்கள் '3-2-1' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 பிரதிகள், 2 வேறு வகை சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே.

வீட்டுக்கு வெளியே எதற்கு என்று கேட்பீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே பீரோவில் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதானே நனையும்? நான் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டில், மற்றது அம்மா வீட்டில். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது மாற்றி எடுத்து வருவேன். காலமான என் மாமனார் பேரப்பிள்ளைகளுக்கு நரிக்கதை சொன்ன குரல் பதிவு ஒன்று இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட இராது. அது இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

"கூகுளில் தானாகவே சேருதே?" என்றால், அதையும் வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகச் சேர்த்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயில், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜி.பி.தான்.

செய்முறை

1. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் புக் செய்யும் நாளோ, மளிகை வாங்கும் நாளோ, மறக்காத ஏதாவது ஒன்று.

2. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, '2025 - ஏப்ரல்' என்பதுபோல ஆண்டும் மாதமும் போட்டு ஃபோல்டர் திறங்கள்.

3. 'காப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம். காப்பி செய்யும்போது பாதியில் கரண்ட் போனாலும் அசல் படங்களுக்குச் சேதமில்லை.

4. முடிந்ததும் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். உப்பு பார்க்காமல் சாம்பாரை இறக்குவோமா?

5. திரையில் 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். எழுதி முடிக்காத நேரத்தில் இழுத்தால் ஃபைல் கெட்டுப்போகும்.

6. வேலை முடிந்தால் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் பல நாடுகளின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னாக்ரை' வைரஸ் நினைவிருக்கலாம். அந்த மாதிரி வைரஸ், மாட்டியே கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் என்ன செய்வது? 'ஓ.டி.ஜி.' கேபிள் வாங்கிப் பல கைப்பேசிகளில் நேராகவே மாட்டலாம். தட்டு சுற்றும் டிஸ்க்குக்குச் சில கைப்பேசிகளின் மின்சாரம் போதாது; அவர்களுக்கு எஸ்.எஸ்.டி. தோது. இன்னொன்று: வாட்ஸப்பில் சாதாரணமாக வரும் படம் சுருக்கப்பட்டது. கல்யாணம், காட்சி என்றால் எடுத்தவரிடமிருந்தே முழுப் படத்தை வாங்கிச் சேமியுங்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

பெயர் தெரிந்த தயாரிப்பாகப் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் '16 டி.பி. சில நூறு ரூபாய்க்கு' என்று வந்தால் அது போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். இடம் நிறைந்தபின் பழைய படங்கள் அழிந்துபோகும். வாரண்டி என்பது டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் படங்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு டிஸ்க்கை ஒரே நாளில் வாங்காமல் ஆறு மாத இடைவெளி விட்டால் கைச்செலவும் கடிக்காது. அடுப்படிச் சூடும் ஈரமும் ஆகாது. துணிப் பையிலோ உறையிலோ போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். சும்மாவே வருஷக்கணக்கில் கிடக்க விடாமல் அவ்வப்போது மாட்டிப் பாருங்கள். 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். தட்டுவது, திறப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஆதார், பட்டா, தடுப்பூசி அட்டை, மதிப்பெண் சான்றிதழ் இவற்றின் படங்களையும் சேர்ப்பதாக இருந்தால், டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போடுவது அவசியம். அந்தப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடமும் பெரிய பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள். மறந்துபோனால் நமக்கும் திறக்காது.

இவ்வளவுக்கும் மாதத்தில் ஒரு மணி நேரம் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையல் முடிந்ததும் உங்கள் கைப்பேசியைத் திறந்து, போனால் திரும்பக் கிடைக்காதவை எவை எவை என்று பாருங்கள். முதல் பிரதியை அவற்றிலிருந்தே ஆரம்பியுங்கள்.