நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போறீங்களா?

நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போகும் நம் தோட்டத்துக் குடும்பங்கள் சில, குறிகட்டுவானில் மறுபடி படகேறி நெடுந்தீவுக்கும் போய் வருகின்றன. அங்கே சிறுத்தைப் பயம் இல்லை. ஆனால் வெட்டவெளியில் மேய்பவை ஆளுக்குப் பழகாத குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

"சாதுவாத்தானே நிக்குது" என்று குட்டிக்குக் கிட்டே போகாதீர்கள். தாய்க் குதிரை கடிக்கும், உதைக்கும். பின்பக்கமாகப் போகவே கூடாது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வறட்சியில் தண்ணீரின்றிக் குதிரைகள் செத்ததும் உண்டு. ஆகவே அவை குடிக்கும் குட்டையை மறித்து நிற்க வேண்டாம். சோற்றுப் பார்சல் கொண்டுபோன சொப்பிங் பேக்கைப் போட்டுவிட்டு வந்தால், புல்லோடு தின்று குடல் அடைபட்டுச் சாகும். நம் குப்பையை நாமே படகில் திருப்பிக் கொண்டுவருவோம்.