உடலின் எல்லையும் ஓகத்தின் நெறியும்

முன்குனிந்து கால்விரல்களைத் தொட முயல்வார் பலர்க்கும் முழங்காலின் பின்புறத்தே ஓரளவுக்கு மேல் செல்லவொட்டாத தடையொன்று எழும். அதனைச் சோம்பலின் விளைவென்பர் சிலர். அகவையின் குறையென்பர் வேறு சிலர். முதுகில் கைவைத்து அழுத்தி அத்தடையைத் தகர்த்துவிடத் துணியும் பயிற்றுநரும் உளர். அதனை இட்டது பெரும்பாலும் நரம்பு மண்டலமே என்பது உடலியங்கியலார் கண்ட முடிபு. ஓகம் பயில்வார் தம் உடலை நோக்கும் முறைமையை மாற்றத்தக்க முடிபு இது.

எலும்புத்தசைகளினுள்ளே தசைக்கதிர்கள் எனப்படும் நுண்ணிய உணர்விகள் பொதிந்துள்ளன. தசை எத்துணை நீள்கிறது, எத்துணை விரைவாக நீள்கிறது என்னும் இரண்டையும் அவை அளந்து தண்டுவடத்திற்கு அறிவிக்கின்றன. நீட்சி விரைவாயின், மூளையின் இசைவுக்குக் காத்திராது தண்டுவடமே அத்தசையைச் சுருங்கப் பணிக்கும். மருத்துவர் முழங்காலின் கீழுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டுங்கால் கால் தானே உதைத்தெழுவது இதனால்தான். இந்நீட்சி அனிச்சைச் செயலைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை லிடெல், செரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1924இல் வெளியிட்டனர். துள்ளித் துள்ளிக் குனிபவர் தம் தசையை நீட்ட முயலும் அந்நொடியிலேயே அதனைச் சுருக்கவும் தூண்டுகிறார். மெல்ல இறங்கி, இறங்கிய இடத்தில் நிலைத்து, மூச்சை நெடிதாக விடுபவரிடம் அவ்வெதிர்ப்பு தணிகிறது.

இதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. சில வாரப் பயிற்சியால் உடல் முன்னிலும் நன்கு வளையத் தொடங்கும்போது தசை நீண்டுவிட்டதென நாம் மகிழ்கிறோம். 1996இல் டென்மார்க்கு நாட்டில் மேக்னசனும் அவர்தம் குழுவினரும் மூன்று வாரக் காலம் தொடைப் பின்தசைகளை நீட்டப் பயிற்றி அளந்து பார்த்தனர். ஒரே கோணத்தில் தசை காட்டிய எதிர்விசை பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாறவில்லை; கால் மட்டும் கூடுதலாக உயர்ந்தது. மாறியது பயின்றவரின் தாங்குதிறன். இவ்விடத்தில் நீள்வது தீங்கில்லை என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதே முதன்மையான மாற்றம். வலியூட்டி அச்சுறுத்தப்படும் நரம்பு மண்டலம் அப்பாடத்தைக் கற்குமா? ஆகவேதான் உடலிடம் கனிவு காட்டுவதை அறவுரை என்று ஒதுக்க நான் உடன்படேன். அது பயிற்சி முறையின் உள்ளுறுப்பு.

நரம்பு கற்கும், எலும்பு அவ்வாறு இணங்காது. தாமரை ஆதனத்தை எடுத்துக்கொள்வோம். இரு பாதங்களையும் எதிர்த்தொடைகளின்மேல் ஏற்றி அமர்வதற்கு இடுப்பு மூட்டு வெளிப்புறமாக நன்கு சுழலல் வேண்டும். அச்சுழற்சியின் அளவைத் தொடையெலும்புக் கழுத்தின் முன்திருப்பமும், இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும், அது நோக்கும் திசையும் பெரிதும் வரையறுக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு அம்முன்திருப்பம் சராசரியாக 15 பாகை அளவில் அமையும். சிலர்க்கு அது மிகக் குறைவு, சிலர்க்கு அதன் இருமடங்கு. குறைந்தவர் எளிதில் தாமரையில் அமர்வர். மிகுந்தவர் பத்தாண்டு முயன்றாலும், எலும்பு எலும்போடு முட்டி நிற்குமிடத்தில் அவர்தம் உறுதி என்ன செய்யும்? அவ்வாறு முட்டியபின்னும் பாதத்தைக் கையால் இழுத்து ஏற்றுவோமாயின், இடுப்பு மறுத்த சுழற்சி முழங்காலின்மேல் விழும். முழங்காலோ மடங்கி நீளவே பெரிதும் அமைந்த மூட்டு. அதனுள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்புகள் முறுக்கத்தில் நசுங்கிக் கிழியும். அவற்றின் உட்பகுதிக்குக் குருதியோட்டம் இன்மையால் அக்கிழிசல் எளிதில் ஆறுவதுமில்லை. அருகில் அமர்ந்தவர் எளிதிற் செய்வது அவர்தம் பிறவி எலும்பமைப்பின் பேறாகவும் இருக்கலாம். அதனைக் கண்டு நாணுவதற்கு எதுவுமில்லை.

முன்னோர் நூல்கள் இத்துணை வளைவை முதன்மையாக நம்மிடம் கேட்கவுமில்லை. பதஞ்சலியின் ஓகநூலில் 200க்குச் சற்றுக் குறைந்த நூற்பாக்கள் உள. அவற்றுள் ஆதனத்தைப் பற்றியன மூன்றே. நிலைபேறும் இனிமையும் உடையதே ஆதனம் என்பது அவர் வகுத்த இலக்கணம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலும் ஆதனத்தைக் காட்டிலும் மூச்சுப் பயிற்சிக்கே பாடல்கள் மிகுதி. அண்மைக் காலத்தில், உடலின் எல்லையை மதிக்க வேண்டும் என்னும் உண்மையைத் தம் உடலால் உணர்ந்தவர் ஓக ஆசான் பி.கே.எசு. ஐயங்கார். 1918இல் பிறந்து, இளமையில் மலேரியா, காசநோய், குடற்காய்ச்சல் எனப் பலவற்றால் நலிந்த அவர், பிற்காலத்தில் மரக்கட்டை, வார்ப்பட்டை, நாற்காலி, கயிறு ஆகியவற்றைப் பயிற்சிக்குள் கொணர்ந்தார். கை தரையை எட்டாவிடில் தரையையே கைக்கு உயர்த்திக் கொடுக்கும் முறை அது. நம் பயிற்சிக்கூடங்கள் சிலவற்றில் இன்றும் கட்டையைத் தொடுவது இழுக்கெனக் கருதப்படுவது வருந்தத்தக்கது. சென்னையில் நெடுங்காலம் பயிற்றுவித்த, ஐயங்காரின் ஆசான் கிருட்டிணமாச்சாரியாரும் தம் பிற்காலத்தில், பயில வந்தவரின் அகவை, நோய், தொழில் அறிந்து ஆளுக்கேற்றவாறு பயிற்சியை மாற்றியமைத்தவர்.

உள்ளத்தின் பங்கும் இங்குச் சிறிதன்று. தன்மீது தானே காட்டும் பரிவை அளவிடற்குரிய பொருளாக உளவியலில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க அறிஞர் கிறிசுடின் நெப். தன்னைக் கடியாமை, தன் குறை மாந்தர் அனைவர்க்கும் பொதுவென உணர்தல், துன்பத்தை மிகைப்படுத்தாது விழிப்போடு நோக்குதல் என மூன்று கூறுகளை அவர் 2003இல் வகுத்துரைத்தார். தன்னைத்தானே ஏசிக்கொள்பவரின் உடல் அவ்வேச்சையும் ஓர் அச்சுறுத்தலாக ஏற்கக்கூடும். நெஞ்சு விரைந்து துடிக்கும், தோளும் கழுத்தும் இறுகும், மூச்சு தடைப்படும். தளர்த்த வந்த தசையை இறுக்கிவிட்டு நீட்ட முயல்வது வீண்வேலை. மாறாக, மூச்சை மெல்ல விடுங்கால் பத்தாம் மூளை நரம்பின் வழியே இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. மணிக்கட்டில் விரல்வைத்து எவரும் இதனை ஆய்ந்தறியலாம்.

இவையெல்லாம் சோம்பியிருப்பதற்கு உரிமை வழங்குவன அல்ல. சுமை ஏற்காத எலும்பு அடர்த்தி குன்றும். உழைக்காத தசை மெலியும். தசையின் நடுப்பகுதியில் தோன்றும் மந்தமான இழுவை பயிற்சிக்குரியது, அதில் தங்கலாம். மூட்டினுள் சுரீரெனத் தைக்கும் வலியும், மதமதப்பும், எரிவும் உடனே விலகுமாறு உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். மதமதப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் பல மணிநேரம், முழங்கால்களை மடக்கிக் குதிகால்கள்மேல் அமரும் வச்சிராதனத்தில் இருந்த இளைஞர் ஒருவர்க்கு, முழங்காலின் வெளிப்புறத்தே ஓடும் நரம்பு நலிந்து பாதத்தை உயர்த்த இயலாமற்போன நிகழ்வு 1971இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் பதிவாகியுள்ளது. மிக எளிதென நாம் எண்ணும் ஆதனம் அது.

தலைகீழ் ஆதனம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைச் சங்கர நேத்திராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நின்றோரின் கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தமை அளந்து காட்டப்பட்டது. ஆதலின் கண்ணழுத்த நோயுடையோர் மருத்துவரைக் கேளாது அவ்வாதனத்தைத் தொடங்கலாகாது. பயிற்றுநரும் எவரையும் சேர்க்கும் முன் கண், மூட்டு, குருதியழுத்தம் பற்றி வினவுதல் வேண்டும். அவர் வினவாவிடின் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சொன்னபின்னும் முதுகில் கைவைத்து அழுத்துவாராயின் வேறு பயிற்றுநரை நாடுங்கள்.