தீவாந்தரம்

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் கண்ணுக்குச் சங்ககிரி மலை தப்பாது. அந்த மலைக்கோட்டையில்தான் 1805-இல், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டு அன்று அவருக்கு மாலை சாத்த இன்றும் கூட்டம் கூடுகிறது. தூக்குமரம் வீரனின் உயிரைப் பறித்தாலும், அவன் பெயர் நிற்க ஓரிடம் மிஞ்சிவிடுகிறது. அந்த இடத்தையும் மிச்சம் வைக்காத தண்டனை ஒன்று கம்பெனியிடம் இருந்தது. தீவாந்தர சிட்சை என்றார்கள். தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு.

1801-இல் தென்னாட்டுப் பாளையங்கள் சேர்ந்து கம்பெனியை எதிர்த்து நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில், அந்தப் போரை முன்னின்று நடத்திய மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. சிறுவன் என்பதால் உயிர் தப்பினான். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில், போரில் பிடிபட்ட 73 பேரை இருவர் இருவராக விலங்கிட்டு ‘அட்மிரல் நெல்சன்’ கப்பலில் ஏற்றினார்கள். துரைசாமியும், சிவகங்கைச் சீமையை ஆண்ட வேங்கன் பெரிய உடையத் தேவரும் அதில் இருந்தார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் பினாங்குத் தீவு.

பிப்ரவரியில் வங்கக் கடலில் வடகிழக்குக் காற்று முழுதும் ஓய்ந்திருக்காது. குளிர்ந்த ஆசிய நிலப்பரப்பில் காற்றழுத்தம் கூடி, அங்கிருந்து காற்று தென்மேற்காகக் கடல்மேல் இறங்கும் பருவம் அது. பினாங்கோ கிழக்கே, ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவில். பாய்மரக் கப்பல் எதிர்காற்றில் நேராகப் போக முடியாது. பாயைத் திருப்பித் திருப்பி, இடமும் வலமுமாக வளைந்துதான் முன்னேறும். பயணம் வாரக்கணக்கில் நீண்டது. காற்றின் பருவம் அறிந்த மாலுமியும் பெரிய கப்பலும் இல்லாதவனுக்கு அந்தக் கடல் தாண்ட முடியாத மதில். அதனால்தான் கம்பெனி கைதிகளைக் காடு வெட்டவும் சாலை போடவும் தீவில் வெளியே அனுப்பத் துணிந்தது.

சிறுவன் துரைசாமி எதை விட்டுவிட்டுப் போனான்? அவன் தந்தையின் கையில் வளரி இருந்தது. பிறைபோல் வளைந்த எறிபடை. ஒரு முனை கனத்தது, மறுமுனை மெலிந்தது. மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிவார்கள். வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. பம்பரம் சாயாமல் நிற்பதும் இதனால்தான். ஆகவே வளரி நடுவழியில் புரளாமல் போய்க் குறியில் இறங்கும். நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்று எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. அவருக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். போருக்கு முன் இருவரும் நண்பர்கள். போரில் எதிரெதிரே நின்றார்கள். போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், சனங்கள் தங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி ஆணையிட்டது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த கைப்பழக்கம் இப்படித்தான் அறுந்தது.

1818-இல் அதே வெல்ஷ் பினாங்குக்குப் போனார். தளர்ந்து ஒடுங்கிய ஒரு கிழவர் அவரைத் தேடி வந்தார். வெல்ஷுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டபோது வந்த பதில், துரைசாமி. அந்தக் ‘கிழவருக்கு’ வயது முப்பதைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை அவரை அப்படி ஆக்கியிருந்தது.

சேலம், தருமபுரிப் பக்கத்து வயல்வெளிகளில் நடுகற்கள் பல உண்டு. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கும் பெயர் பொறித்துக் கல் நட்ட மண் இது. விழுந்த இடம் தெரிந்தால்தான் கல் நட முடியும். கடலுக்கு அப்பால் போனவர்களுக்கு அந்த இடத்தை நம்மவர்கள் எங்கே தேடுவார்கள்? ஆடிப் பதினெட்டில் சங்ககிரியில் சாத்தும் மாலையில், தீவுக்கு அனுப்பப்பட்ட அந்த 73 பேரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.